வழியில் வண்டி நின்றால் அவசரப்படாதே

அன்புள்ள கண்ணா,

அடுத்த வாரம் நீங்கள் மூன்று பேரும் காரிலேயே கிளம்புகிறீர்கள் என்று கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் போனை வைக்கும் முன் "பழைய வண்டிம்மா, நடுவழியில் நின்றால் எவ்வளவு செலவு இழுத்துவிடுமோ" என்றாய் பார், அதற்குப் போனில் பதில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் பழைய வண்டிகளிலேயே காலம் தள்ளியவர்கள், ஒர்க்‌ஷாப் பெஞ்சில் உட்கார்ந்து மெக்கானிக்கின் கையைப் பார்த்துப் பார்த்தே நிறையக் கற்றுக்கொண்டவர்கள். அந்த உரிமையில் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

வண்டி பழுதானால் வரும் செலவு ஒன்று. பழுதான பின் நாம் அவசரத்தில் செய்யும் காரியத்தால் வரும் செலவு இன்னொன்று. முதலாவதை முழுக்கத் தடுக்க யாராலும் முடியாது. இரண்டாவது நம் கையில்தான் இருக்கிறது, பர்ஸைக் காலி செய்வதும் பெரும்பாலும் அதுதான்.

வண்டி ஹீட் ஆவதையே எடுத்துக்கொள். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் ஒன்று வெடித்து, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒழுகுகிறது, டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. அந்த ஹோஸ் வண்டியிலேயே விலை குறைந்த சாமான்களில் ஒன்று. ஆனால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே, அடுத்த ஊர் வரை போய்விடலாம்" என்று ஓட்டினால் அலுமினியத்தில் செய்த சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துவிடும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற மெல்லிய தகடு போய்விடும், கூலன்ட் என்ஜினுக்குள் இறங்கி சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், ஆயிலோடு கலந்தால் ஆயில் வெளிறிப்போய் நுரைத்துக்கொண்டு நிற்கும். கேஸ்கெட்டின் விலையும் பெரிசில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். அதை எட்டிப் பிடிக்க என்ஜினின் மேல்பாதியைக் கழற்ற வேண்டும், ஹெட்டை வெளியே அனுப்பிச் சமதளமாகச் சீவி வாங்க வேண்டும், எல்லாம் லேபர். ஒரு ஹோஸோடு முடிய வேண்டியது அந்தக் கொஞ்ச தூரத்தில் என்ஜின் வேலையாகிவிடுகிறது.

அதனால் முள் வழக்கமான இடத்தைத் தாண்டியதும் ஏசியை நிறுத்து, ஹீட்டரை முழுச்சூட்டில் வை. வெயிலில் அது கொடுமையாக இருக்கும், ஆனால் ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், என்ஜின் சூட்டில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துவிடும், ஒதுங்க இடம் தேட அவகாசம் கிடைக்கும். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி கிளம்பினாலோ அந்த அவகாசமும் கிடையாது, ஒதுக்கி என்ஜினை நிறுத்திவிடு. இன்னொன்று, பலர் ஏமாறுவது இங்கேதான். மேலே ஏறிய முள் திடீரென்று தானே கீழே விழுந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. கூலன்ட் சென்சார் இருக்கும் மட்டத்துக்கும் கீழே போய்விட்டால் சென்சார் காற்றைத்தான் அளக்கும், குறைவாகக் காட்டும். அந்த நேரத்தில் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே கூலன்டே இல்லை என்று வைத்துக்கொள்.

ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கும்போது தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், கூலன்ட் கொதித்துப் பொங்கி ஆவியோடு முகத்தில் அடிக்கும். குறைந்தது அரைமணி நேரம் சும்மா இரு, மேல் ஹோஸ் கை தாங்கும் அளவுக்கு ஆறட்டும். ஆறிய பிறகு கூலன்ட் கையில் இல்லையென்றால் வெறும் தண்ணீரை ஊற்றி மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போகலாம், ஆனால் ஒழுகலைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே போவதில் பிரயோஜனம் இல்லை. எப்போது ஹீட் ஆனது என்பதையும் கவனித்து வை. டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, வேகமாகப் போனால் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை என்று அர்த்தம், ஒரு ஃபியூஸோ ரிலேயோ மாற்றினால் முடிந்துவிடக்கூடும். வேகத்திலும் மேட்டிலும் ஏறுகிறது என்றால் கூலன்ட் குறைவு, கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், அதைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப், அடைத்துப்போன ரேடியேட்டர் என்று போகும். மெக்கானிக்கிடம் இதை மட்டும் தெளிவாகச் சொன்னாலே தேடும் நேரம் பாதியாகும், தேடுகிற நேரத்துக்கும் காசுதான் கண்ணா.

டேஷ்போர்டு விளக்குகளில் சிவப்பு எரிந்தால் உடனே ஒதுங்கு. அதிலும் ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த கிலோமீட்டர் கூட வேண்டாம், ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் என்ஜின் நிமிஷங்களில் தன்னைத் தானே அரைத்துக்கொள்ளும். பேட்டரி விளக்கு என்றால் சார்ஜ் ஏறவில்லை, பேட்டரியில் மிச்சம் இருப்பதை வைத்து ஏசி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் போகலாம். ஆனால் கூடவே டெம்பரேச்சரும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கும், நிறைய வண்டிகளில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது, அதோடு நிறுத்திவிடு. மஞ்சள் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் நிதானமாகப் போய்க் காட்டலாம். சிமிட்டினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரிக்கவில்லை, எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்று விலையுயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ மாற்ற வேண்டிய இடத்தில் கன்வர்ட்டரையே மாற்ற வேண்டி வந்தால் பயணத்துக்கு எடுத்து வைத்த பணம் மொத்தமும் அதற்கே போய்விடும்.

பேட்டரி இறங்கி, இன்னொரு வண்டியிலிருந்து ஒயர் போட்டுக் கிளப்ப வந்தால், உதவ வந்தவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் ஒயரை நீயே பார்த்து மாட்டு. சிவப்பு உன் பேட்டரியின் பிளஸுக்கு, மறுமுனை அவருடைய பிளஸுக்கு, கறுப்பு அவருடைய மைனஸுக்கு, கடைசி முனையை உன் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசி முனையில் பொறி பறக்கும், அதனால்தான் தள்ளி வைக்கச் சொல்வது. மாற்றி மாட்டினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரும் வண்டியின் கம்ப்யூட்டரும் சேர்ந்து போகலாம்.

பணத்தைப் பற்றி இவ்வளவு சொன்னேன், ஆனால் ஒரு இடத்தில் பணத்தை நினைக்கவே கூடாது. வேகமான சாலையில் டயர் போனால் அங்கேயே நிறுத்தி மாற்றாதே. ஹசார்ட் விளக்கைப் போட்டு, நடக்கும் வேகத்தில் உருட்டிக்கொண்டே அகலமான இடத்துக்குப் போ. டயர் கிழியட்டும், ரிம் நசுங்கட்டும், இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம். நின்றதும் எல்லோரும் டிராஃபிக் இல்லாத பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், வண்டிகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றனவோ அந்தத் திசையில் நம் வண்டியை விட்டு விலகி நில்லுங்கள். யாராவது வந்து மோதினாலும் நம் வண்டி உங்கள் மேல் வராமல் முன்னால் போகும். பாப்பா தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று வண்டிக்குள்ளேயே விட்டுவைக்காதே. இதை உன் மனைவியிடமும் இப்போதே சொல்லி வை, அந்த நேரத்தில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

டோயிங் வண்டி கூப்பிடும்போது உன்னுடையது ஆட்டோமேட்டிக் என்பதைச் சொல்லி, நான்கு சக்கரமும் மேலே ஏறும் தட்டையான லாரியைக் கேள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு ஆயில் தள்ளும் பம்ப் என்ஜின் ஓடினால்தான் ஓடும், சக்கரம் தரையில் உருள இழுத்துப்போனால் கியர்பாக்ஸ் ஆயில் இல்லாமல் தேயும். எந்த ஒர்க்‌ஷாப்புக்கு இழுக்க வேண்டும் என்பதையும் நீ முடிவு செய், டிரைவர் சொல்லும் இடத்துக்கே போக வேண்டும் என்று சட்டம் இல்லை. இன்ஷூரன்ஸில் வழி உதவி இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுப்பார்கள் என்று கிளம்புமுன்பே படித்துவிடு.

இனி ஒர்க்‌ஷாப். நல்ல மெக்கானிக்குகள்தான் அதிகம் என்பது என் அனுபவம், அதனால் சந்தேக முகத்தோடு போகாதே, மரியாதையாகப் பேசு. ஆனால் என்ன சாமான் போயிருக்கிறது என்று நீ சொல்லாதே, என்ன நடந்தது என்று மட்டும் சொல். "ஆல்டர்னேட்டரை மாற்றுங்கள்" என்றால் மாற்றித் தருவார்கள், கோளாறு பெல்ட்டில் இருந்தாலும் காசு உன்னுடையதுதான். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரைப் போட்டு ஒரு கோளாறு எண் வந்ததும் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பி 0420 என்று வந்தால் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று கம்ப்யூட்டர் நினைக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் சென்சாராக இருக்கலாம், சைலன்சர் குழாயில் ஓட்டையாக இருக்கலாம், கன்வர்ட்டராகவும் இருக்கலாம். "எப்படி உறுதி செய்தீர்கள் அண்ணா" என்று கேள், வேலை தெரிந்தவர் சந்தோஷமாகவே காட்டுவார்.

அப்புறம் நான் மிக முக்கியமாக நினைக்கும் கேள்வி இதுதான்: "இப்போது எதைச் செய்தால் பத்திரமாக வீடு போய்ச் சேரலாம், எதையெல்லாம் அங்கே போய்ச் செய்துகொள்ளலாம்?" பிரேக், ஸ்டியரிங், டயர், ஹீட் ஆவது, ஆயில் ஒழுகல், இவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. ஏசி, கண்ணாடி ஏறாதது, ஷாக் அப்சார்பரில் லேசான கசிவு இதெல்லாம் பெரும்பாலும் காத்திருக்கும். சைலன்சர் சத்தம் கூடக் காத்திருக்கும், வண்டிக்குள் புகை வாடை வராதவரை. வாடை வந்தால் அது கார்பன் மோனாக்சைடு விஷயம், ஓட்டாதே.

மதிப்பீட்டை எழுதி வாங்கு, சாமான் தனியாக, லேபர் தனியாக. ஒரிஜினலா, வேறு கம்பெனியா, பழையதைச் சரிசெய்து விற்பதா என்று அதிலேயே இருக்கட்டும். "இந்தத் தொகைக்கு மேல் போனால் என்னைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம்" என்று மெக்கானிக்கிடம் முகம் கோணாமல் சொல்லிவிடு. கழற்றிய சாமானைக் காட்டச் சொல். ராத்திரிக்குள் ஓரிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லாதே, நம் அவசரம் தெரிந்தால் விலையும் கூடும், யோசிக்கும் நேரமும் குறையும். தொகை பெரிசாகத் தெரிந்தால் உன் வழக்கமான மெக்கானிக்குக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டு, அவர் பார்க்காமலேயே பாதி சொல்லிவிடுவார்.

சாமான் வர இரண்டு மூன்று நாள் ஆகும் என்றால் அங்கேயே அறை எடுத்துக் காத்திருப்பது, வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ போய் அப்புறம் வந்து எடுப்பது, இன்னும் தூரமாக இழுத்துப்போவது என்று மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார். அறை வாடகையும் சாப்பாடும் ரிப்பேர் செலவில் சேர்த்திதான். பெரிய வேலை என்றால் சரிசெய்த பிறகு வண்டி என்ன பெறும், இப்படியே விற்றால் என்ன கிடைக்கும், அந்த வித்தியாசத்தோடு பில்லை ஒப்பிடு. "போன வருஷம்தானே இவ்வளவு செலவழித்தோம்" என்ற கணக்கை உள்ளே கொண்டுவராதே, அது போன பணம்.

கிளம்புமுன் ஒரு அரைநாள் ஒதுக்கி ஸ்டெப்னியைப் பார். சின்ன தற்காலிக ஸ்டெப்னி என்றால் பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும், அதை மாட்டிய பின் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. சில வண்டிகளில் ஸ்டெப்னியே இல்லாமல் ஒட்டும் திரவம்தான் கொடுத்திருப்பார்கள், உன்னுடையதில் எது என்று இப்போதே டிக்கியைத் திறந்து பார். வீல் நட்டுக்குத் தனிச் சாவி இருந்தால் அது எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பார்க்க நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. என்ஜினுக்குள் வால்வுகளையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டியிருந்தால் இந்தப் பயணத்துக்கு முன் மாற்றிவிடு, பல என்ஜின்களில் அது ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடித்து எல்லாம் வளைந்துவிடும்.

பயணப் பணத்திலிருந்து ஒரு பங்கை வண்டிக்கென்று தனியாக வை, தேவைப்படாவிட்டால் திரும்பி வந்து எடுத்துக்கொள். வழியில் நின்றுவிட்டால் எல்லோரும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போன பிறகு முதலில் உதவி எண்ணுக்குப் போன் போடு, அடுத்தது எனக்கு. பணம் குறைந்தால் எவ்வளவு என்று மட்டும் மெசேஜ் போடு, காரணம் எல்லாம் எழுத வேண்டாம், உடனே அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா