வண்டி வாங்குமுன் பார்சலை எண்ணுங்கள்: வேலூர் மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேயர், ஆணையர், மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

லாங்கு பஜாரிலும் மண்டித் தெருவிலும் ஒரு லாரி சரக்கு இறக்க நின்றால், பின்னால் வருவதெல்லாம் நிற்கிறது. ஊருக்கு வெளியே பொதுக் கிடங்கு அமைத்து, லாரிகளை அங்கேயே நிறுத்தி, மின்சார லோடு ஆட்டோவில் கடைக்கு அனுப்பும் யோசனையை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் கணக்கு உதைக்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 2004-இல் தொடங்கிய இதே போன்ற கிடங்கு, பொதுப்பணத்தின் தோளில்தான் நின்றது.

முதலில், போட்டி யாரோடு என்று பாருங்கள். பெரும்பாலான பார்சல் இன்று ‘கோடவுன் டெலிவரி’. கடைப் பையன் டிவிஎஸ் எக்ஸெல்லில் லாரி பார்சல் புக்கிங் ஆபீசுக்குப் போய், எல்.ஆரை (லாரி ரசீதை) காட்டி, இரண்டு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வந்துவிடுகிறான். அதற்குக் கடைக்காரர் தனியாகச் செலவு எழுதுவதே இல்லை. உங்கள் கட்டணம் அந்த எக்ஸெல்லோடு மோத வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு. கிடங்கு வாடகை, எழுத்தர், காவலாளி, இரண்டு லோடுமேன் சேர்த்து நாளுக்கு 5,000 ரூபாய். ஓட்டுநர் சம்பளம், தவணை, மின்சாரம், டயர் எல்லாம் அடங்க 4 வண்டிக்கு 6,000 ரூபாய் என்று வையுங்கள். மொத்தம் 11,000. நாளுக்கு 300 பார்சல் வந்தால் ஒன்றுக்கு ஏறக்குறைய 37 ரூபாய். 700 வந்தால் 16 ரூபாய்க்குள். கட்டடமும் வண்டியும் அதேதான். எண்ணிக்கைதான் திட்டத்தை வாழவைக்கிறது, அல்லது மூடுகிறது.

எல்லாச் சரக்கும் இதற்கு ஒத்துவராது. சுமார் 500 கிலோ ஏற்றும் மின்சார மூன்று சக்கர வண்டியில் 26 கிலோ அரிசிச் சிப்பம் 19 தான் ஏறும். 10 டன் லாரியில் வரும் 384 சிப்பத்துக்கு 21 நடை! அதோடு ஏற்று இறக்குக் கூலி இரட்டிக்கும். அரிசி, பருப்பு, வெங்காயம் விடியற்காலையில் நேராக மண்டிக்கே வரட்டும். ஜவுளிக் கட்டு, ஸ்பேர் பார்ட்ஸ், மருந்துப் பெட்டி ஆகியவற்றை எடுங்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி மருந்துக் கடைகளும் லாட்ஜுகளும் நெருங்கி இருக்கின்றன. ஒரே நிறுத்தத்தில் நாலைந்து கடை முடியும். தொடங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

கிடங்கு நிலம் மலிவு என்று தொலைவுக்குப் போகாதீர்கள். 8 கிலோமீட்டர் தள்ளிப் போனால், போக வர ஒரு மணி நேரம்; 5 நடைக்கு 5 மணி நேரம் வெறும் ஓட்டம். கிரீன் சர்க்கிளை ஒட்டி, பாலாற்றுப் பாலம் தாண்டாமல் இருப்பது நல்லது. லாரி வந்து திரும்ப இடம் வேண்டும், அவ்வளவுதான்.

கடைத் தெருவில் வண்டி நிற்க இடமில்லாவிட்டால் எல்லாம் வீண். 6 மீட்டர் நீளத்தில் கோடு போட்ட இறக்குமிடங்கள், 20 நிமிட வரம்பு, பைக் நிறுத்தினால் உடனே அகற்ற ஆள் என்று இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஓட்டுநர் சொன்ன நேரத்துக்குத் திரும்புவார்.

காகித வேலையில் இரண்டு கண்ணி உண்டு. வண்டி மாறினால் இ-வே பில்லில் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டில்) வண்டி எண்ணும் மாற வேண்டும். மாநிலத்துக்குள், டிரான்ஸ்போர்ட்டரின் தொழில் இடத்திலிருந்து கடைவரை 50 கிலோமீட்டருக்குள் போகும் கடைசி ஓட்டத்துக்கு விலக்கு இருக்கிறது. பொதுக் கிடங்கு அந்த டிரான்ஸ்போர்ட்டரின் ஜி.எஸ்.டி. பதிவில் கூடுதல் தொழில் இடமாக ஏறியிருந்தால் அதைத் தயங்காமல் பயன்படுத்தலாம். அடுத்தது ‘டு பே’ பார்சல், அதாவது லாரி வாடகையைச் சரக்கு பெறுபவர் கொடுக்கும் பார்சல். வாடகையைக் கடையில் வசூலிப்பது யார், கடன் சொன்னால் பெட்டியைத் திருப்பி எடுப்பது யார், உடைந்திருந்தால் யார் பொறுப்பு? கிடங்கில் இறக்கும்போதே பெட்டியைப் படம் எடுத்து இரு தரப்பும் கையெழுத்திடாவிட்டால், ஆறு மாதத்தில் புக்கிங் ஆபீஸ்கள் விலகிக்கொள்ளும்.

திரும்பும் வண்டி காலியாக வரக் கூடாது. நெதர்லாந்தின் நைமேகனில் 2008-இல் தொடங்கிய திட்டம் கடைக்காரரையே வாடிக்கையாளராக்கி, சரக்கு வைத்திருத்தல், காலி அட்டைப்பெட்டி எடுத்தல் போன்ற சேவைகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கியது. இங்கே பழைய அட்டைக்கு எடைக்கு எடை காசு கிடைக்கிறது. வெளியூருக்கு புக்கிங் ஆகும் பார்சலையும் அதே வண்டி ஏற்றி வரலாம்.

டெண்டரில் வண்டிக்கு மானியம் கொடுத்துவிட்டு ஒதுங்காதீர்கள். மானியம் தீர்ந்ததும் வண்டி ஷெட்டில் நிற்கும். ஒப்படைத்த பார்சலுக்கு இவ்வளவு என்று கொடுங்கள். முதல் ஆண்டு குறைந்தபட்ச எண்ணிக்கைக்கு உத்தரவாதம், இரண்டாம் ஆண்டு அதில் பாதி, மூன்றாம் ஆண்டு ஒன்றுமில்லை. சுமைதூக்கும் தொழிலாளர்களின் கூலியை டெண்டருக்கு முன்பே பேசி எழுத்தில் முடியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் தெருத் தெருவாக 14 நாள் எண்ணிக்கை எடுங்கள்: எந்தக் கடைக்கு எத்தனை பார்சல், எத்தனை கிலோ, எந்த மணிக்கு, யார் கொண்டுவருகிறார். தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவீர்கள். பொங்கல் முடிந்து பிப்ரவரியில் ஒருமுறை எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு வண்டி வாங்குங்கள். பண்டிகைக் கூட்டத்துக்கு வாடகை வண்டி போதும்.

இப்படிக்கு,
புக்கிங் ஆபீஸ், மண்டி, லோடு வண்டித் தொழிலில் இருக்கும் வேலூர்க்காரர்கள்