சித்தப்பா வண்டியில் வரும் பெட்ரோல் வாடை

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கல் முடிந்து, உன்னிடம் இருக்கும் சித்தப்பாவின் பழைய காரில் எல்லோரும் ராஜபாளையம் போய் வந்தோமே, அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. கார் கதவைத் திறந்ததுமே பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. கேட்டதற்கு, "பழைய வண்டிண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்றாய். முன்கண்ணாடியில் எலுமிச்சை வாசனை அட்டை தொங்கியது. பின் ஸீட்டில் பாப்பா தூங்கிக்கொண்டு வந்தாள்.

அப்படி இருக்கக்கூடாது தம்பி. சித்தப்பா இருபது வருஷம் இதே வண்டியைத்தான் ஓட்டினார். அவர் காலத்தில் ஒருநாளும் இந்த வாடை வந்ததில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. மேலே போய்க் கலையாது, தரையோடு தவழும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சேர்ந்தாலே தீப்பிடிக்கும். வண்டி நிற்கும் உங்கள் போர்ட்டிகோவிலிருந்து வாசல்படி நாலடி தூரம். தினமும் சாயங்காலம் அங்கே அகல் ஏற்றுகிறீர்கள். பெட்ரோலில் பென்சீன் வேறு இருக்கிறது, அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பாப்பா மூச்சில் அது போகிறது என்று நினைத்தாலே எனக்குத் தாங்கவில்லை.

இதில் நான் பட்டிருக்கிறேன். 2009இல் என் பழைய வண்டியிலும் இதே வாடை வந்தது. பட்டறையில் விட்டேன். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் கிட்டை மாற்றினார்கள், போகவில்லை. டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பை மாற்றினார்கள், அப்போதும் போகவில்லை. மூன்று மாதம் அலைந்த பிறகுதான், வாடை எப்போது வருகிறது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பத்து நாளில் பிடிபட்டது: டேங்க் நிரப்பிய அன்று மட்டும் வந்தது, பாதிக்குக் கீழே இறங்கினால் இல்லை. பின் ஸீட்டைத் தூக்கி, கீழே இருந்த வட்டத் தகரமூடியைக் கழற்றினேன். டேங்க்கின் மேலே பெட்ரோல் அளவு காட்டும் மிதவை யூனிட் இறங்குகிற இடத்தில், கசியாமல் அடைக்கும் ஒரு ரப்பர் வளையம், கேஸ்கெட். அதைச் சுற்றிப் படிந்திருந்த தூசி மற்ற இடத்தில் சாம்பல் நிறம், ஒரு பக்கம் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. கேஸ்கெட்டை எடுத்து வளைத்தேன், முறுக்கு மாதிரி நொறுங்கியது. பம்பும் கார்பரேட்டரும் முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

அதனால்தான் சொல்கிறேன், எங்கே என்று தேடுவதற்கு முன்னால் எப்போது என்று கவனி. அன்று கிளம்பும்போது டேங்க் நிரப்பினோம். போகும்போது இருந்த வாடை திரும்பி வரும்போது பாதிகூட இல்லை. எனக்கு டேங்க்கின் மேல்பக்கம்தான் சந்தேகம்: இந்த கேஸ்கெட், இல்லையென்றால் பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்குப் போகும் தடித்த ஓஸ், அதன் பக்கத்திலேயே போகும் காற்றுக் குழாய்.

ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. வெயிலில் ஓட்டி நிறுத்திய பத்து நிமிஷத்தில் பானெட் பக்கம் வாடை வந்தால் அது கார்பரேட்டர். இன்ஜின் சூட்டில் உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகும். லேசாக வந்து போனால் கார்பரேட்டர் வண்டியில் அது சகஜம். ஆனால் கார்பரேட்டர் உடம்பே நனைந்திருந்தால், உள்ளே பெட்ரோல் வரத்தை நிறுத்தும் மிதவை ஊசி சரியாக அடைக்கவில்லை. இன்ஜின் ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பார். இது மிகவும் முக்கியம். அதில் பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் ஏறியிருந்தால், பம்ப்புக்குள் இருக்கும் டயாபிரம் என்கிற சவ்வு கிழிந்து பெட்ரோல் இன்ஜினுக்குள்ளேயே இறங்குகிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும்.

மூக்கை மட்டும் நம்பாதே. ஐந்து நிமிஷத்தில் அதற்குப் பழகிவிடும், தினமும் ஓட்டுகிற உனக்கு இப்போதே பழகிப்போயிருக்கிறது. வெளியிலிருந்து புதிதாக வருகிறவரை முகரச் சொல். பானெட்டுக்குள் பார்ப்பதென்றால் விடிகாலையில், இன்ஜின் சில்லென்று இருக்கும்போது முதல் ஸ்டார்ட்டில் பார். சூடான இன்ஜினில் சொட்டுகிற பெட்ரோல் கண்ணில் படுவதற்குள் காய்ந்துவிடும், பழுப்புக் கறைதான் மிச்சம். சந்தேகமான இணைப்பைச் சுற்றி முகப் பவுடரைத் தட்டிவிட்டால் கசிகிற இடத்தில் கோடு விழும்.

ரப்பர் ஓஸ் எதுவும் மாற்றியதில்லை என்றாயே, எனக்கு அதிலும் பயம். 1997 மாடல் வண்டி. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 முதல் வர ஆரம்பித்தது. அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்ததல்ல. ஓஸை விரலால் மடக்கிப் பார், மேலே மயிரிழை வெடிப்பு தெரிந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் மொத்தமாக மாற்று. கடையில் வெறுமனே "பெட்ரோல் ஓஸ்" என்று கேட்காதே. மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற தரக் குறி அச்சிட்டிருக்க வேண்டும், அது எத்தனால் தாங்கும். ஓஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பும் புதிதாகப் போடு.

ஒன்று மட்டும் கேள் தம்பி. யார் கை வைத்தாலும் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல். ஒயர் இழுத்து குண்டு பல்பு மாட்டிய கைவிளக்கை வண்டிக்குள் நீட்ட விடாதே. அது விழுந்து உடைந்தால் ஒரு பொறி போதும். எல்இடி டார்ச் போதும், அதையும் வெளியிலேயே ஆன் பண்ணிக்கொண்டு உள்ளே கொண்டுபோ. பக்கத்தில் ஒரு பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் வருகிறேன். ஆர்9 ஓஸ் மூன்று மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். கேஸ்கெட்டை மட்டும் பழையதைக் கழற்றி அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டியதை எல்லாம் நான் வந்தபின் சேர்ந்து பார்ப்போம், அதுவரை ஸ்டார்ட் பண்ணாதே. இன்றைக்கே தள்ளிக்கொண்டுபோய் வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்திவிடு. பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்