அந்தப் பிள்ளைகள் கூலிக்கு வருபவர்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானில் புதிதாகக் குடியேறும் தமிழர்களுக்காகச் சென்ற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். குப்பை பிரிப்பதிலிருந்து வாடகை ஒப்பந்தம் வரை பொறுமையாக எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். ஆனால், வாசலில் வந்து மணியடிக்கும் மார்மன் மிஷனரிகளை (அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் கிறிஸ்தவ சபையின் மதப்பணியாளர்களை) மட்டும், ‘ஆள் பிடிக்கக் கூலி வாங்கிக்கொண்டு அலைபவர்கள்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த வரி உண்மையல்ல. சப்போரோவில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடியில் இந்த மிஷனரிகள் தங்கும் வீடு இருக்கிறது. என் கணவர் இங்கே ஆராய்ச்சியில் இருப்பதால், பல ஆண்டுகளாக அவர்களை அக்கம்பக்கத்தாராகவே பார்த்துவருகிறேன். நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள். உங்கள் சபையில் சேரும் எண்ணம் எனக்கு இல்லை என்று அவர்களிடமே சொல்லியிருக்கிறேன்.

இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாதந்தோறும் சில நூறு டாலரை அந்தப் பிள்ளையோ பெற்றோரோதான் சபைக்குக் கட்டுகிறார்கள். பள்ளி விடுமுறைகளில் வேலை செய்து சேர்த்த பணத்தோடு வந்தவர்கள் இவர்களில் உண்டு. பையன்களும் பெண்களும் 18 வயதிலிருந்து வரலாம்; 2025 நவம்பர்வரை பெண்களுக்கு 19 வயது ஆகியிருக்க வேண்டும். பையன்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. எந்த ஊருக்குப் போவது என்பது அவர்கள் கையில் இல்லை. யூட்டாவில் வளர்ந்த பிள்ளைக்கு ஜப்பான் என்று ஓலை வந்தால் ஜப்பான்தான். சில வார மொழிப் பயிற்சியோடு விமானம் ஏறி, முன்பின் தெரியாதவர்களின் வாசலில் ஜப்பானிய மொழியில் பேச வேண்டும். ஜப்பானியப் பிள்ளைகளும் இதே பணியில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரோடு ஜோடி சேர்ந்தால் புதியவருக்கு மூச்சு வரும்.

காலை ஆறரை மணிக்கு எழுகிறார்கள். படிப்பு, பிரார்த்தனை, மொழிப் பாடம், பிறகு தெரு. எங்கே போனாலும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும். கடைக்கும் தனியாகப் போவதில்லை. ஒத்துப்போகிறதோ இல்லையோ, அடுத்த மாற்றல் வரும்வரை அந்தத் துணையோடுதான் வாழ்க்கை. ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வருகிறது. பழகிய முகம் ஒன்று பெட்டியோடு இறங்கிப் போக, புது முகம் ஏறி வருகிறது. திங்கட்கிழமை துணி துவைக்கவும் சாமான் வாங்கவும் வீட்டோடு பேசவும் விடுகிறார்கள். இங்கே திங்கள் காலை என்றால் யூட்டாவில் ஞாயிறு மாலை. வாரம் ஒருமுறை பேசலாம் என்ற அனுமதியே 2019இல் வந்ததுதான். அதற்குமுன் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டுமே தொலைபேசி. வெளியூரில் படிக்கும் மகனிடமிருந்து இரண்டு நாள் தகவல் இல்லையென்றால் தவித்துப்போகும் நமக்கு, அந்தத் தாய்மார்கள் ஆண்டுக்கணக்கில் எப்படிப் பொறுத்தார்கள் என்பது புரிவதே கடினம்.

சப்போரோவில் ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து மீட்டர் பனி கொட்டுகிறது. டிசம்பர் பிறந்ததும் சைக்கிள்களை மாடிப்படிக்குக் கீழே கட்டிவைத்துவிடுகிறார்கள். ஏப்ரல்வரை நடைதான். எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பது வயதுக்குமேல், தனியாக இருக்கிறார். ராத்திரி முழுக்கப் பெய்த பனியை விடியலில் அள்ளாவிட்டால் கதவே திறக்காது. வெள்ளைச் சட்டைக்குமேல் கனத்த கோட்டு மாட்டிக்கொண்டு, ‘மாமாசான் டம்ப்’ என்று இந்த ஊரார் சொல்லும் அகலமான தள்ளுவாளியால் இரண்டு பையன்கள் அந்தப் பாதையைத் திறந்துவிடுவதைப் பல காலைகளில் பார்த்திருக்கிறேன். கோட்டுக்கு வெளியே கறுப்புப் பெயர்ப்பட்டை தெரியும். பனி அள்ளும்போது மதப் பேச்சு எதுவும் இருக்காது, வேலை மட்டும்தான். பாட்டி இன்றுவரை புத்த மாடத்தின் முன்தான் ஊதுவத்தி ஏற்றுகிறார். அதனால் பனி அள்ளுவதை அவர்கள் நிறுத்திவிடவில்லை.

விருந்தோம்பல்தான் இவர்களுக்கு இக்கட்டு. ஜப்பானிய வீட்டில் உட்கார்ந்தால் முதலில் வருவது பச்சைத் தேநீர். இவர்களுடைய சபையிலோ தேநீர், காப்பி, மது, புகையிலை எதுவும் கூடாது. மறுத்தால் வீட்டுக்காரருக்கு மனத்தாங்கல். பழகியவர்கள் வறுத்த பார்லியில் போடும் முகிச்சாவைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு, ஊரிலிருந்து வந்த கருப்பட்டி கரைத்துக் கொடுத்தேன். காப்பித்தூள் இல்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொண்டு, இருமிக்கொண்டே குடித்தான் ஒரு பையன். மறுநாள் இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டு வந்தான். என் கணவர் வீட்டில் இல்லாததால் வாசற்படியைத் தாண்டவில்லை. தனியாக இருக்கும் பெண்ணின் வீட்டுக்குள் போகக் கூடாது என்பது அவர்களுடைய விதி.

ஜப்பானியர்கள் கதவைத் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, சுட்டவரின் தாய் சேர்ந்திருந்த வேறொரு சபைக்கு (யூனிஃபிகேஷன் சர்ச்) அள்ளிக் கொடுத்துக் குடும்பங்கள் நொடித்துப்போன கதைகள் வெளியே வந்தன. மார்மன் சபையும் உறுப்பினர்களிடம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாக எதிர்பார்க்கிறது. சேர நினைப்பவர்கள் முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுரையாளர் இதை எழுதியிருந்தால் எனக்கு ஆட்சேபமே இல்லை.

ஆள் பிடிப்பதுதான் கணக்கு என்றால் இவர்கள் என்றோ மூட்டை கட்டியிருப்பார்கள். 1901இல் சபைத் தலைவர்களில் ஒருவரான ஹீபர் கிராண்ட் தலைமையில் நால்வர் யோகோகாமாவில் இறங்கினார்கள். அவர்களில் இளையவரான ஆல்மா டெய்லர் 1909இல் அவர்களுடைய வேதநூலான மார்மன் புத்தகத்தை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தார். 1924இல் அந்தப் பணியை மூடியபோது, ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருநூறைக்கூடத் தொடவில்லை. போருக்குப் பிறகு, 1948இல் மறுபடி வந்தார்கள். சப்போரோவுக்கென்று, ‘டெம்பிள்’ என்று அவர்கள் சொல்லும் பெரிய ஆலயம் எழுந்தது 2016இல்தான்.

இங்கே வரும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்வேன். விருப்பம் இல்லையென்றால் இன்டர்காமில் ‘வேண்டாம்’ என்று மரியாதையாகச் சொல்லுங்கள், வணங்கிவிட்டுப் போய்விடுவார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஆளே இல்லாததுபோல் உட்கார வேண்டியதில்லை; போலீஸுக்குப் போன் செய்யவும் வேண்டியதில்லை. ஆசிரியர் அவர்கள் ‘கூலி’ என்ற அந்த வரிக்கு அடுத்த ஞாயிறு மலரில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சப்போரோ, ஜப்பான்