மீன்பிடிக் கோட்டாவைப் பிரிப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது

பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரிட்டன் நீடிப்பதா, வெளியேறுவதா என்று 2016 ஜூன் 23 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில் நானும் வாக்களித்தேன். அப்போது என்னிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. காமன்வெல்த் நாட்டவர் இங்கே வசித்தால் வாக்குரிமை உண்டு என்பதால் அந்த வாய்ப்பு கிடைத்தது. நீடிக்கலாம் என்பது என் வாக்கு. நான் வாழும் இங்கிலாந்தின் ஹல் நகரிலோ, வாக்களித்த மூன்று பேரில் இரண்டு பேர் வெளியேறத்தான் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. 1970களில் ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைல் வரை நீட்டியதில், அங்கே போய் மீன்பிடித்த கப்பல்களுக்கு வழியடைந்து முடங்கிப்போன துறைமுகம் இது. வெளியேறினால் நம் கடல் நமக்கே திரும்பி வரும் என்று சொன்னால் இந்த ஊர் நம்பத்தானே செய்யும்?

அப்புறம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஒன்றியத்தில் இருந்தவரை நார்வே கடலில் மீன்பிடிக்கும் உரிமையை ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் பேசி வாங்கித் தந்தது. பிரிந்தபின் லண்டன் தனியாகப் பேசியது. 2021 ஏப்ரல் கடைசியில் அந்தப் பேச்சு முறிந்தது. ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடைகளுக்குக் காட் மீன் கொண்டுவந்த எங்கள் ஊர்க் கப்பல் கிர்கெல்லா, வழக்கமான கடலுக்குப் போக முடியாமல் கரையில் கிடந்தது.

வேல்ஸின் மெனாய் நீரிணையில் சிப்பி வளர்ப்பவர்கள் கதை இதைவிடக் கொடியது. அவர்கள் உயிருள்ள சிப்பியை அப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்புவார்கள். சுத்திகரிப்பு அங்கே நடக்கும். 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டன் வெளிநாடு. 'பி' தரக் கடல்நீரில், அதாவது முழுத் தூய்மையில்லாத நீரில், வளர்ந்த சிப்பியைச் சுத்திகரிக்காமல் உள்ளே விடமாட்டோம் என்றது ஒன்றியம். தண்ணீரும் சிப்பியும் மாறவில்லை, வாங்கும் ஆளும் மாறவில்லை. தொழில் மட்டும் நின்றது. நீங்கள் பிடிக்கும் கானாங்கெளுத்தி, நண்டு, சிங்கி இறாலில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. நீங்கள் சாப்பிடும் மீனில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. இப்படி ஒரு நாட்டில், மீன்பாட்டை, அதாவது எவ்வளவு மீன் பிடிபடுகிறது என்பதைப் பற்றிப் பேசிவிட்டுச் சந்தையைப் பற்றிப் பேசாமல் விட்டது பெரும் தவறு.

சரி, வெளியேறியதில் நல்லதே இல்லையா என்றால், உண்டு. வடகடலின் டாகர் பேங்க் மணல்திட்டுப் பகுதியில் கடலடியைச் சுரண்டும் இழுவைமடிக்கு 2022இல் தடை போட்டீர்கள். கடற்பறவைகளின் இரையான மணல்விலாங்கைப் பிடிக்க வடகடலில் 2024இல் தடை போட்டீர்கள். மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் 2025 மே மாதம், ஐரோப்பியப் படகுகள் உங்கள் கடலில் மீன்பிடிக்கும் அனுமதியை 2038 ஜூன் வரை நீட்டிவிட்டீர்கள். அதை இனி மாற்றச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை. நான் கேட்பது வேறு. பிரிட்டனுக்குக் கிடைக்கும் கோட்டாவை, அதாவது இவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டை, உள்நாட்டில் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது, ஒன்றியத்தில் இருந்தபோதும் உங்கள் பொறுப்பாகத்தான் இருந்தது. நாட்டின் மீன்பிடிப் படகுகளில் நான்கில் மூன்றுக்கும் மேல் 10 மீட்டருக்கும் குறைவான சிறு படகுகள். கோட்டாவில் அவற்றுக்கு வருவதோ மிகச் சிறு துண்டு. இதற்கு பிரஸ்ஸல்ஸைக் காரணம் சொல்லவே முடியாது. 2020இல் நீங்களே மீன்வளச் சட்டம் இயற்றினீர்கள். பிரிந்ததால் கூடுதலாகக் கிடைத்த கோட்டாவிலிருந்தாவது சிறு படகுகளுக்குப் பெரிய பங்கு ஒதுக்குங்கள்.

கடலோர ஊர்களுக்கென்று 12 ஆண்டுக்கு 360 மில்லியன் பவுண்டு அறிவித்தீர்கள். அதில் ஸ்காட்லாந்துக்கு 28 மில்லியன்தான். நாட்டின் மீன்பாட்டில் பாதிக்கு மேல் கொண்டுவருவது ஸ்காட்லாந்துப் படகுகள்! மக்கள்தொகையை வைத்துப் பிரித்த கணக்கு அது. மீன்பாட்டை வைத்துப் பிரியுங்கள். சிறு துறைகளில் சிப்பிச் சுத்திகரிப்புத் தொட்டி, ஐஸ் ஆலை, இறங்குதளம் என்று அந்தப் பணம் கரையில் தெரியட்டும். ஒன்றியத்தோடு பேசிவரும் உணவுப்பொருள் ஒப்பந்தத்தில் மெனாய் சிப்பிக்கு வழி திறக்கும்வரை விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஹல் நகரிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்