களத்தைக் கோலப்போட்டியில் சேர்க்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மார்கழிக் கோலச் சிறப்பிதழ் படித்தேன். சிக்குக்கோலப் பக்கங்கள் பிரமாதம், வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் கடைசிப் பக்கத்தில் பத்ரகாளி களத்தின் (கேரளக் கோயில்களில் வழிபாட்டுக்காகத் தரையில் வண்ணப்பொடியால் எழுதும் தெய்வ உருவத்தின்) படம் ஒன்றைப் போட்டு, 'கேரள ரங்கோலி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அதன் கீழேயே 'இதுபோல் நீங்களும் வரைந்து அனுப்புங்கள், பரிசு உண்டு' என்று அறிவித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை.

நான் நாகர்கோவில்காரி. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. எல்லைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு உறவுகள் உண்டு. 'களமெழுத்தும் பாட்டும்' என்ற இந்த வழிபாடு நடக்கும் கோயில்களுக்குச் சின்ன வயதிலிருந்தே போய்வருகிறேன்.

படத்தில் நீங்கள் காட்டியது அந்த வழிபாட்டின் நடுப்பகுதி மட்டும். மத்தியானம் உச்சப்பாட்டு என்ற உச்சிவேளைப் பாட்டோடு காரியம் ஆரம்பிக்கும். களம் எழுதும் இடத்துக்கு மேலே 'கூறை' என்ற துணிப்பந்தல் கட்டி, சுற்றிலும் குருத்தோலை தொங்கவிடுவார்கள். அப்புறம்தான் களம் எழுதுகிற குறுப்பு தரையில் உட்காருவார். தூரிகை, அச்சு எதுவும் கிடையாது. ஒரு பிடி பொடியை அள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நழுவ விடுவார். நடுக்கோடு முதலில் விழும், உருவம் அதிலிருந்து இரண்டு பக்கமும் விரியும். காளியின் மார்பு எழும்பித் தெரிய, அடியில் நெல்லையோ அரிசியையோ குவித்து அதன் மேல் பொடி தூவுவார்கள். சாயங்காலம் விளக்கேற்றும்போது தரையில் படுத்திருக்கும் தேவி எழுந்து வருவதுபோலத்தான் இருக்கும். பூஜை முடிந்ததும், எழுதிய குறுப்பே நந்துணி என்ற தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாடுவார். கடைசியில் வெளிச்சப்பாடு (எங்கள் பக்கத்துக் கோமரத்தாடி மாதிரி) அருள் வந்து ஆடி, அந்தக் களத்தை அழிப்பார். கலைந்து கலந்துபோன பொடிதான் பக்தர்களுக்குப் பிரசாதம்.

பொடிகளைப் பற்றி உங்கள் குறிப்பில் ஒரு வார்த்தை இல்லை. வெள்ளைக்கு அரிசிமாவு, மஞ்சளுக்கு மஞ்சள்பொடி, கறுப்புக்கு உமிக்கரி. பச்சைக்கு வாகை அல்லது மஞ்சாடி இலையைக் காயவைத்து இடித்துச் சலிக்கிறார்கள். சிவப்புக்கு மஞ்சளோடு சுண்ணாம்பு. நம் வீட்டு ஆரத்தித் தட்டில் தண்ணீர் சிவப்பது எப்படியோ, அதே வித்தைதான். இந்த ஐந்துதான் பஞ்சவர்ணப்பொடி. சுண்ணாம்பு தவிர எல்லாமே வயலிலும் வீட்டுத் தோட்டத்திலும் கிடைப்பவை. நெற்றியில் இட்டுக்கொள்ளலாம், வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கடையில் விற்கும் சாயப்பொடியில் அதே படத்தை வரைந்துவிட்டு எதைப் பிரசாதமாகக் கொடுப்பது? எங்கள் ஊர் நாகராஜா கோயிலில் கருவறை மண்ணையே பிரசாதமாக வாங்கி நெற்றியில் பூசிக்கொள்கிறவர்கள் நாங்கள். தரையிலிருந்து எடுத்துத் தருவதில் உள்ள புனிதம் எங்களுக்கு யாரும் விளக்கித் தெரிய வேண்டியதில்லை.

அழிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'சாமி உருவத்தை மிதிக்கலாமா?' என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரை வைத்துப் பூஜித்து, மறுபூஜை செய்து, கிணற்றிலோ குளத்திலோ கரைக்கிறோமே, அவமதிப்பதற்காகவா? கும்பாபிஷேக யாகசாலையில் வண்ணப்பொடியில் போடும் மண்டலத்தை யாராவது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிறார்களா? அழைத்த தெய்வத்தை முறைப்படி வழியனுப்பி வைப்பதும் பூஜையில் சேர்ந்ததுதான். நாகங்களுக்கு எழுதும் சர்ப்பக் களத்தில் இதை இன்னும் நெருக்கமாகப் பார்க்கலாம். புள்ளுவக்குடம் என்ற குட வாத்தியமும் வீணையுமாக, நாகப்பாட்டுப் பாடும் புள்ளுவர்கள் பாடப்பாட, கையில் கமுகம்பூவோடு உட்கார்ந்திருக்கும் அந்த வழிபாட்டை நடத்தும் தறவாட்டு (குடும்பத்து)ப் பெண்கள் மெல்ல ஆடத் தொடங்கி, அவிழ்ந்த கூந்தலாலேயே நாகத்தின் உருவத்தை அழிப்பார்கள். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

தமிழ் வாசகர்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! 'வில்லாளி வீரனே' என்று சரணம் விளிக்காதவர் உண்டா? மகரவிளக்கிலிருந்து ஐந்து நாள், மாளிகைப்புறத்து மணிமண்டபத்தில் ஐயப்பனுக்குக் களம் எழுதுகிறார்கள். பாலகன், வில்லாளி வீரன், ராஜகுமாரன், புலிவாகனன் என்றெல்லாம் ஒவ்வொரு நாளும் ஒரு கோலம். வாய் ஓயாமல் விளித்த அந்த வில்லாளி வீரன் தரையில் எழும்பும் நேரத்தில், ஜோதி பார்த்த கையோடு நம் ஆட்களில் பெரும்பாலோர் பம்பைக்கு இறங்கிவிடுகிறார்கள். நெரிசலும் லீவும் காரணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒன்று அங்கே நடக்கிறது என்பதே பல குருசாமிகளுக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

வைக்கம் என்றால் நமக்கு 1924 போராட்டமும் பெரியாரும்தான் ஞாபகம் வரும், வரவும் வேண்டும். அதே மகாதேவர் கோயிலில் 12 வருஷத்துக்கு ஒருமுறை 'வடக்குப்புறத்துப் பாட்டு' நடக்கிறது. 2013-க்குப் பிறகு 2025 ஏப்ரலில் நடந்தது. பன்னிரண்டு நாளும் பத்ரகாளி களம். முதல் நான்கு நாள் எட்டுக் கை, அடுத்த நான்கு நாள் பதினாறு, அப்புறம் முப்பத்திரண்டு, கடைசி நாள் அறுபத்து நான்கு. முந்தின நாள் எழுதியதை அழித்தால்தான் அடுத்த நாள் களத்துக்கு இடம். முடியேற்று தெரியுமல்லவா, 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததே, காளி தாரிகன் என்ற அசுரனை வதைக்கும் ஆட்டம்? அதற்கு முன்பும் காளியின் களம் எழுத வேண்டும்.

போட்டி, கண்காட்சி என்று ஆகும்போது நடப்பதை நேரில் பார்த்து நொந்தவள் நான். எங்கள் பக்கத்தில் ஒரு கலைவிழாவில், குளிர்சாதன மண்டபத்துக்குள் களம் எழுத ஏற்பாடு செய்திருந்தார்கள். வந்தவர் வயதானவர், கை நடுங்காமல் எழுதினார். பொடி விழாக்காரர்களே வாங்கி வைத்திருந்த சாயப்பொடி. பாட்டுக்கு நேரமில்லை என்று மைக்கை அணைத்துவிட்டார்கள். சுற்றிக் கயிறு கட்டி, செல்ஃபி எடுக்க விட்டு, விழா முடியும்வரை அப்படியே போட்டுவைத்திருந்து, கடைசியில் துப்புரவுப் பணியாளரைக் கூப்பிட்டு அள்ளச் சொன்னார்கள். அந்தப் பெரியவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பணமும் போக்குவரத்துச் செலவோடு சரி. வெளியூர் மேடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூப்பிட்டால் உச்சப்பாட்டிலிருந்து அழிப்புவரை முழுசாகச் செய்ய விடுங்கள், பொடியை அவர்கள் கையாலேயே தயாரிக்கச் சொல்லி அதற்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள் என்கிறேன்.

போட்டியிலிருந்து களத்தை நீக்கி அடுத்த இதழில் ஒரு அறிவிப்புப் போடுங்கள். புள்ளிக்கோலம், சிக்குக்கோலம், பூக்கோலம் எதற்கு வேண்டுமானாலும் பரிசு கொடுங்கள், நானும் அனுப்புகிறேன். கூடவே இன்னொன்று. உங்கள் படத்துக்குக் கீழே புகைப்படக்காரர் பெயர் இருக்கிறது, களம் எழுதிய குறுப்பின் பெயர் இல்லை. விசாரித்து அவர் பெயரையும் கோயிலின் பெயரையும் வெளியிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
நாகர்கோவில்