மெடிகேருக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து ஊர் திரும்புவோருக்கான கட்டுரையைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். வங்கிக் கணக்கு, வருமான வரி, வீட்டு வாடகை, தண்ணீர் வசதி வரை எல்லாம் இருந்தது. 65 வயது ஆனவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றி மட்டும் ஒரே வரி: இந்தியாவில் அது செல்லாது, ஆகவே மறந்துவிடலாம் என்று. அப்படி மறந்துபோனவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 71. நியூ ஜெர்சியில் பாலங்கள் கட்டும் நிறுவனம் ஒன்றில் 31 ஆண்டுகள் பொறியாளராக இருந்தேன். 2019 மே மாதம் 65 நிறைந்தது. அந்த மாதமே ஓய்வு பெற்று, ஜூனில் மனைவியுடன் ஸ்ரீரங்கம் வந்துவிட்டேன். கிளம்புவதற்கு முன் மெடிகேருக்குப் பதிவு செய்தபோது இரண்டு கேள்விகள் எதிரே நின்றன. மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கும் செலவுக்கான பார்ட் ஏ வேண்டுமா? பத்து ஆண்டு வேலை செய்து வரி கட்டியவர்களுக்கு அது இலவசம், வாங்கிக்கொண்டேன். டாக்டர் கட்டணம், பரிசோதனை, அவசர சிகிச்சைப் பிரிவு இவற்றுக்கான பார்ட் பி வேண்டுமா? அதற்கு அப்போது மாதம் 135.50 டாலர். மெடிகேர் கடல் கடந்து வராது என்பது எனக்குத் தெரியும். கீழச் சித்திரை வீதியில் உட்கார்ந்துகொண்டு நியூ ஜெர்சி டாக்டருக்கு எதற்கு மாதாமாதம் தட்சிணை? வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளிலேயே சிறிய எழுத்தில் எச்சரிக்கையும் இருந்தது. பாலத்துக்கு வரைபடம் படிக்கும்போது ஒரு புள்ளியையும் விடாதவன், அதைப் படிக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் நன்றாகவே போயின. 2023-இல் மகளுக்கு இரண்டாவது குழந்தை. மனைவிக்கும் ஸ்ரீரங்கத்துப் படிகள் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. அக்டோபரில் நியூ ஜெர்சியின் எடிசன் நகருக்கே திரும்பினோம்.

வந்து இறங்கிய வாரம் தொலைக்காட்சியைப் போட்டால் ஒரே மெடிகேர் விளம்பரம். ஓபன் என்ரோல்மென்ட், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, உடனே அழையுங்கள் என்று ஒரு பழைய நடிகர் சிரித்துக்கொண்டே சொன்னார். சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறோம் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அழைத்து, முக்கால் மணி நேரம் சங்கீதம் கேட்டுக் காத்திருந்த பிறகு, ஓர் இளைஞர் பொறுமையாக விளக்கினார். அந்தக் காலம் ஏற்கெனவே மெடிகேருக்கு உள்ளே இருப்பவர்கள் திட்டத்தை மாற்றிக்கொள்வதற்கு. பார்ட் பி-யே இல்லாதவருக்கு அந்தக் கதவு கிடையாது. 65 வயதில் விட்டவர்கள் சேர ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரைதான் காலம். அதுவரை காத்திருங்கள்.

ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் எந்த நாள், எத்தனை மணிக்குத் திறக்கும் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்து உறவினர்களுக்கெல்லாம் நான்தான் சொல்வேன். அந்த நாளில் கூட்டம் தெற்குக் கோபுரத்தில் நின்றுகொண்டு வாசல் திறக்கவில்லையே என்று புலம்பினால் எப்படி இருக்கும்? அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன்.

நவம்பர் மாதம் ஒரு ராத்திரி நெஞ்சில் பிசைகிற மாதிரி இருந்தது. மகள் பயந்துபோய் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். இரவு முழுவதும் கட்டிலில் படுக்க வைத்து, கம்பிகளை ஒட்டி, காலையில் வெறும் வாயு என்று அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனைக் கட்டிலில் இரவு முழுவதும் படுத்தவன் உள்நோயாளிதானே, பார்ட் ஏ கொடுக்குமே என்று நினைத்தேன். இல்லையாம். என்னை ‘கண்காணிப்பில்’ வைத்திருந்தார்களாம். ஏட்டில் நான் வெளிநோயாளி. வெளிநோயாளிச் செலவெல்லாம் பார்ட் பி-யின் பொறுப்பு. என்னிடம் இல்லாதது அதுதான். பில் 9,200 டாலர். மகள் நான்கு முறை பேசி 5,800-க்குக் கொண்டுவந்தாள். வாயுவுக்கு நான் கொடுத்த விலை அது.

ஜனவரியில் இருவரும் பதிவு செய்தோம். பிப்ரவரி 1 முதல் காப்பீடு தொடங்கியது. இதில் ஒரு அதிர்ஷ்டமும் உண்டு. 2022 வரை ஜனவரியில் பதிவு செய்தாலும் ஜூலை 1 வரை காத்திருக்க வேண்டும். 2023 முதல்தான், பதிவு செய்த அடுத்த மாதமே தொடங்கும்படி மாற்றினார்கள்.

இனி அபராதக் கணக்கு. 65-ஆவது பிறந்த மாதத்துக்கு முன் மூன்று மாதம், அந்த மாதம், பின் மூன்று மாதம் என ஏழு மாதங்கள்தான் முதல் வாய்ப்பு. எனக்கு அது 2019 ஆகஸ்டில் முடிந்தது. அதன் பிறகு முழுதாகக் கழிந்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பார்ட் பி கட்டணத்தில் 10 சதவீதம் கூடும். எனக்கு நான்கு ஆண்டு, 40 சதவீதம். மனைவிக்கு 65 நிறைந்தது 2021 செப்டம்பரில், ஸ்ரீரங்கத்தில். என் உழைப்பின் கணக்கில் அவளுக்கும் பார்ட் ஏ இலவசம் என்பதால், ஊரில் இருந்தபடியே அவளும் பார்ட் பி-க்குப் பதிவு செய்திருக்கலாம். இருந்த இடம் இந்தியா என்பது சாக்காகாது. அவளுக்கு 20 சதவீதம். 2025-இல் கட்டணம் 185 டாலர். அதன் மேல் எனக்கு 74, அவளுக்கு 37. மாதம் 111 டாலர், நம் பணத்தில் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குச் சமைத்துப் போட்ட அம்மாளின் சம்பளத்தைவிட அதிகம். இது ஓர் ஆண்டுத் தண்டனையும் அன்று. பார்ட் பி இருக்கும்வரை, அதாவது நாங்கள் இருக்கும்வரை. கட்டணம் ஏற ஏற அபராதமும் ஏறும்.

வேடிக்கை என்னவென்றால், மருந்துக்கான பார்ட் டி-யில் வெளிநாட்டில் இருந்த காலத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திரும்பி வந்து இரண்டு மாதத்துக்குள் சேர்ந்தால் அபராதம் இல்லை, நாங்கள் சேர்ந்துவிட்டோம். ஒரே அரசாங்கம், ஒரே மெடிகேர், ஒரே விமானத்தில் வந்திறங்கிய இரண்டு பேர். ஒரு பகுதிக்கு ஸ்ரீரங்கம் கணக்கில் உண்டு, இன்னொன்றுக்கு இல்லை.

நியாயமாகச் சொன்னால், பார்ட் பி-யை விட்டதே தவறு என்று நான் வாதாட மாட்டேன். அந்த ஆண்டுகளில் நான் கட்டாமல் விட்ட தொகை மட்டும் எட்டாயிரம் டாலருக்கு மேல். ஊரிலேயே கடைசிவரை இருக்கப் போகிறவர் அதைக் கட்டுவது வீண். திரும்பி வர மாட்டோம் என்று எத்தனை பேரால் உறுதியாகச் சொல்ல முடியும் என்பதுதான் என் கேள்வி. நானும் சொன்னேன். பேரக்குழந்தை பிறக்கும் தேதியை எந்தப் படிவத்திலும் எழுத முடிவதில்லை.

நினைவூட்டல் கடிதம் வருமே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியத்தை ஏற்கெனவே வாங்கத் தொடங்கியவர்களுக்குத்தான் 65 நெருங்கும்போது மெடிகேர் அட்டை தானாக வரும். நம்மவர்களில் பலர், தொகை கூடும் என்று ஓய்வூதியத்தை 70 வரை தள்ளிப்போடும் சாமர்த்தியசாலிகள். நானும் அந்த வகை. யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். 1960-இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வூதிய வயது 67 என்பதால், மெடிகேரும் 67-இல்தான் என்று நினைப்பவர்களை எங்கள் நடைப்பயிற்சிக் கூட்டத்திலேயே இரண்டு பேர் பார்த்துவிட்டேன். மெடிகேருக்கு வயது இன்றும் 65தான்.

இன்னொரு நண்பர் மருந்து நிறுவனத்தில் இருந்தார். இருபது பேருக்குக் குறையாத நிறுவனத்தில் வேலை செய்துகொண்டு, அதன் குழுக் காப்பீட்டில் இருப்பவர் பார்ட் பி-யை அபராதமின்றித் தள்ளிப்போடலாம். வேலை போனபின் எட்டு மாதம் அவகாசம் உண்டு. அவருக்கு 66 வயதில் வேலை போயிற்று. பழைய காப்பீட்டையே முழுப் பணம் கட்டித் தொடர ‘கோப்ரா’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. பதினெட்டு மாதம் அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார். கோப்ரா, வேலையோடு வரும் காப்பீடாகக் கணக்கில் சேராது. எட்டு மாதக் கடிகாரம் வேலை போன அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, பேரிலேயே நல்ல பாம்பு என்று வைத்திருக்கிறார்களே, இவர் கவனிக்க வேண்டாமா என்றாள்.

எங்கள் சம்பந்தி வீட்டார் மகன் மூலம் 2019-இல் கிரீன் கார்டில் வந்தவர்கள். அவர்கள் கணக்கு முற்றிலும் வேறு. 65 தாண்டியிருந்தாலும் ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்த பிறகே சேர முடியும். மகன் கட்டிய வரி பெற்றோருக்குப் பார்ட் ஏ-யை இலவசமாக்காது. இங்கே வேலையே பார்க்காதவர்களுக்கு 2025-இல் அதற்கு மட்டும் ஆளுக்கு மாதம் 518 டாலர். ஆனாலும் ஐந்து ஆண்டு நிறையும் மாதத்தைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தார் சம்பந்தி அம்மாள். 2024-இல் வாரம் தவறாமல் முடித்துவிட்டார்கள். பொறியாளர் வீட்டில் இல்லாத ஒழுங்கு.

எனக்குத் தாமதத்திலும் ஒரு நன்மை கிடைத்தது. 65 தாண்டியவருக்குப் பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதம் வரை, மெடிகேர் விடும் மிச்சத்தை ஏற்கும் மெடிகேப் பாலிசியை எந்த நோயைக் காட்டியும் மறுக்கக் கூடாது. சர்க்கரையோடு இருக்கும் எனக்கு அந்த ஆறு மாதத்துக்குள் கிடைத்துவிட்டது. இதை எனக்குச் சொன்னவர் ஏஜென்ட் அல்லர். ஷிப் என்ற பெயரில் ஒவ்வொரு மாநிலத்திலும் இலவச ஆலோசனை உண்டு. எங்கள் பகுதியில் அதில் தன்னார்வலராக இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்தான் எதையும் விற்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கினார்.

தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. ஊர் திரும்புவோர் பக்கத்தை அடுத்த முறை வெளியிடும்போது, அந்த ‘மறந்துவிடலாம்’ வரியை எடுத்துவிட்டு, ஜனவரி முதல் மார்ச் வரை, மார்கழிப் பாதியிலிருந்து பங்குனிப் பாதி வரை, என்று ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள்.

கலிஃபோர்னியாவில் இருக்கும் என் மைத்துனருக்கு வரும் ஜனவரியில் 65. இந்த அக்டோபரிலேயே அவருடைய ஏழு மாதம் தொடங்கிவிட்டது. டிசம்பரில் கோயம்புத்தூருக்கே போய்விடப் போகிறாராம், திரும்பும் எண்ணமே இல்லையாம். பார்ட் பி பற்றிக் கேட்டால், “அத்திம்பேர், நான் உங்களை மாதிரி இல்லை” என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தொலைபேசியில் கூப்பிடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கத்து வாசகர் ஒருவர்
எடிசன், நியூ ஜெர்சி
22 அக்டோபர் 2025