நீள் காலுறை அக்காளுடையது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார ஞாயிறு இணைப்பில் தாங்கள் வெளியிட்டிருந்த பழைய நிழற்படம் ஒன்றைப் பற்றி இதை எழுதுகிறேன். ஏறத்தாழ நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்கச் சிறுவர்கள் ஆறேழு பேர் ஒரு படிக்கட்டில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் முழங்காலோடு முடியும் கால்சட்டை. அதற்குள்ளிருந்து இறங்கிக் காலணிக்குள் மறையும் கறுப்பு நீள் காலுறை. படத்தின் கீழே, அக்காள்மாரின் காலுறையை மாட்டிக்கொண்டு நிற்கும் ஏழைச் சிறுவர்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருந்தது. அவர்கள் ஏழைகளாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலுறை அக்காளுடையது அல்ல. திருப்பூரில் முப்பத்திரண்டு ஆண்டுகள் காலுறை பின்னும் எந்திரங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில், இந்தத் தவற்றை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் நிற்கும் பையனின் காலில், மேலிருந்து கீழாகத் தடித்த ரிப் வரிகள், அதாவது மேடும் பள்ளமுமாக ஓடும் பின்னல் வரிகள், தெளிவாகத் தெரிகின்றன. வலது முழங்காலில் அந்த வரிகள் அறுபட்டு, உள்ளங்கை அளவுக்குக் குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டி அடைத்த இடம் ஒன்று இருக்கிறது. பெரிய பெண்களின் காலுறை குதிகாலிலும் விரல் நுனியிலும்தான் முதலில் கிழியும். முழங்காலில் கிழிவது, மண்ணில் மண்டியிட்டுக் கோலி ஆடுகிற, வேலியேறிக் குதிக்கிற பிள்ளைகளின் காலுறை. இதைத் தாய்மார்கள் மட்டுமல்ல, காலுறை செய்தவர்களும் அறிந்திருந்தார்கள். அதனால்தான் அக்கால அமெரிக்க விற்பனைப் பட்டியல்களில் சிறுவர்களுக்கென்றே தடித்த ரிப் காலுறைகள், முழங்காலில் இரட்டை நூல் கொடுத்துப் பின்னியவை என்ற விளம்பரத்தோடு விற்கப்பட்டன. எந்திரம் காலின் நீளத்தைச் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு வரும்போது, முழங்கால் வரும் இடத்தில் மட்டும் இரண்டாவது நூல் ஒன்றைச் சேர்த்து ஊட்டி, அந்த இடம் கடந்ததும் அதை விலக்கிவிடுவார்கள். குதிகாலுக்கும் விரல் நுனிக்கும் வலுவூட்ட நாங்கள் கூடுதல் நூல் சேர்த்து 'ஸ்பிளைசிங்' கொடுத்த அதே முறைதான். அக்காளுக்காகப் பின்னிய காலுறைக்கு எவரும் இந்தச் செலவைச் செய்திருக்க மாட்டார்கள்.

சிறுவர்களுக்கு நீள் காலுறை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஆண்களின் உடையே முழங்கால்வரை கால்சட்டை, அதன் கீழே நீள் காலுறை என்பதாகத்தான் இருந்தது. ஆண் குழந்தைகள் முதல் சில ஆண்டுகள் அங்கி அணிந்திருப்பார்கள். நான்கு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையே ஒரு நாளில் அதைக் கழற்றிவிட்டுக் கால்சட்டையும் காலுறையும் போடுவது வீட்டில் ஒரு சடங்குபோல நடக்கும். 1770ஆம் ஆண்டையொட்டி ஆங்கில ஓவியர் கெயின்ஸ்பரோ தீட்டிய நீல உடைச் சிறுவனின் ஓவியம் இன்று கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை பளிச்சென்று தெரியும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தையொட்டி முழுக்கால் சட்டை பரவியது. சிறுவர்கள் பெரியவர்களுக்குச் சற்று முன்னதாகவே அதற்கு மாறினார்கள். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறுவர்களின் கால்சட்டை மறுபடியும் முழங்காலுக்கு ஏறியது, பெரியவர்களுடையது ஏறவில்லை. அன்று பெரிய பெண்களின் காலுறை தரையைத் தொடும் பாவாடைக்குள் மறைந்திருந்ததால், தெருவில் கண்ணுக்குத் தெரிந்த காலுறைகள் சிறுவர் சிறுமியருடையவைதாம். 1920களில் பெண்களின் பாவாடை உயர்ந்ததும், 1940 மே 15 அன்று அமெரிக்கா முழுவதும் நைலான் காலுறை விற்பனைக்கு வந்ததும்தான், ஸ்டாக்கிங்ஸ் என்றாலே பெண்கள் அணிவது என்ற எண்ணத்தை வேரூன்றச் செய்தன. அந்தப் பிற்கால எண்ணத்தை முற்காலப் படத்தின்மேல் ஏற்றியதுதான் தங்கள் குறிப்பில் நேர்ந்த பிழை.

இன்றும் சான்று வேண்டுவோர் இங்கிலாந்தின் கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியைப் பார்க்கலாம். ஆறாம் எட்வர்டு மன்னர் காலத்தில், 1552இல், லண்டனின் ஆதரவற்ற குழந்தைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அது. 1902இல் ஹார்ஷம் நகருக்கு அருகே இடம்பெயர்ந்தது. நீண்ட நீல அங்கி, முழங்கால் கால்சட்டை, மஞ்சள் காலுறை என்பது அதன் சீருடை. மஞ்சள் சாயம் தோய்த்த துணியைப் பூச்சிகள் அண்டாது என்ற பழைய நம்பிக்கையே அந்த நிறத்துக்குக் காரணம் என்று சொல்வார்கள். கவிஞர் கோல்ரிட்ஜும் கட்டுரையாளர் சார்லஸ் லாம்பும் சிறுவர்களாக அங்கே படித்தபோது அணிந்த அந்த மஞ்சள் காலுறையை இன்றைய மாணவர்களும் அணிகிறார்கள். தருமப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் அடையாளமாக ஊருக்குக் காட்டிய காலுறை, பிற்காலப் பிள்ளைகள் பெருமையோடு அணியும் உடையாக ஆனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

காலுறை நழுவாமல் இருக்கச் செய்த ஏற்பாடும் தனிக்கதை. ரப்பர் நூல் பின்னலுக்குள் வராத காலத்தில் முழங்காலைச் சுற்றி ஒரு பட்டையை இறுக்கிக் கட்டுவார்கள். இரத்த ஓட்டம் தடைபடும் என்று அஞ்சியவர்கள் இடுப்பிலிருந்து நாடா தொங்கவிட்டுக் காலுறையை அதில் மாட்டுவார்கள். ஜெர்மனியில் பனிக்காலத்தில் சிறுவர்கள் சட்டைக்குள் 'லைப்ஷன்' என்ற கையில்லாத சிற்றுடை ஒன்றை அணிவார்கள். அதன் அடியோரத்துப் பொத்தான்களில், துளைகள் வைத்த எலாஸ்டிக் பட்டைகளை மாட்டி, அவற்றின் மறுமுனையில் கம்பளிக் காலுறையைக் கோத்துவிடுவார்கள். பிள்ளை வளர வளர அடுத்த துளைக்கு மாற்றிக்கொள்ளலாம். கம்பளி உறுத்தும், பட்டைக்கும் கால்சட்டைக்கும் இடையே தொடையில் குளிர் ஏறும். 1950கள்வரை நீடித்த இந்த வழக்கம், இடுப்புவரை ஒன்றாகப் பின்னிய உறை வந்தபின் மறைந்தது. பிரிட்டனில் அரைக்கால் சட்டையும், மேல்விளிம்பை மடித்துவிட்ட சாம்பல் நிற முழங்கால் சாக்ஸும் பள்ளிச் சீருடையாயின. அந்த வழக்கத்தின் சாயல்தான் நம் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. (இலங்கைத் தமிழர் சாக்ஸை 'மேஸ்' என்பார்கள், அது அதற்கும் முன்னரே வந்த போர்த்துகீசியரின் 'மெயாஸ்' என்ற சொல்.)

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பின்னல் எந்திரத்தை முதலில் செய்தவர் நாட்டிங்ஹாம் பக்கத்துக் கால்வர்ட்டன் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ. 1589இல் அவர் செய்த அந்த எந்திரம் பின்னியது காலுறையைத்தான். கையால் பின்னிப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடித்ததாகிவிடும் என்று எலிசபெத் அரசி அதற்குக் காப்புரிமை மறுத்ததாகச் சொல்வார்கள். லீ பிரான்சுக்குச் சென்று, நினைத்தது நிறைவேறாமலே இறந்தார். ஆனால் எந்திரம் பரவியது. 1758-59இல் ஜெடிடையா ஸ்ட்ரட் அதோடு இணைத்த கருவியால், காலோடு நீண்டு சுருங்கும் ரிப் பின்னலும் எந்திரத்தில் சாத்தியமாயிற்று. நாட்டிங்ஹாம், லெஸ்டர் பகுதி வீடுகளில் தந்தை பின்னல் எந்திரத்தில் அமர்வார், தாய் தையல் மூட்டுவார், பிள்ளைகள் நூல் சுற்றுவார்கள். பிறகு ஆலைகள் வந்தன. 1908 முதல் நிழற்படக்காரர் லூயிஸ் ஹைன் அமெரிக்க ஆலைகளில் எடுத்த படங்களில் நூற்பாலைச் சிறுவர்களும் காலுறை ஆலைச் சிறுவர்களும் நிற்கிறார்கள். சிலருக்குக் கறுப்புக் காலுறை இருக்கிறது. பலர் வெறுங்காலோடு நிற்கிறார்கள்.

தாங்கள் வெளியிட்ட படத்துப் பையன்கள் ஆலைக்குப் போனவர்களா, பள்ளிக்குப் போனவர்களா என்பதைப் படம் காட்டவில்லை. ஆனால் அவர்கள் அணிந்திருப்பது அவர்களுக்கென்றே பின்னிய காலுறை. அது கிழிந்தபோது யாரோ ஒருவர் விளக்கடியில் அமர்ந்து, வரிக்கு வரி ஊசி கோத்து அடைத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு இணைப்பில் அந்தக் குறிப்பைத் திருத்தி வெளியிடுமாறும், முடிந்தால் இடது ஓரத்துப் பையனின் முழங்கால் தெரியும்படி படத்தைச் சற்றுப் பெரிதாக அச்சிடுமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பின்னலாடைத் தொழிலாளி ஒருவர்,
திருப்பூர்